டர்பனிலிருந்து சென்னை: எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி நேரம்?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஊருக்குப் போகிற பேச்சு எழுந்தால் முதலில் டிக்கெட் விலையைக் கேட்பார்கள், அடுத்து “போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும்?” என்பார்கள். விலை வாரத்துக்கு ஒன்றாக மாறும் என்பதால் அதை இங்கே தொடவில்லை. தூரமும் நேரமும் அப்படி இல்லை, ஒருமுறை கணக்குப் போட்டு வைத்துக்கொண்டால் பல வருடம் ஓடும். கோயில் வாசலிலும் கல்யாணப் பந்தியிலும் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்தான் கீழே இருப்பவை.

டர்பனுக்கும் சென்னைக்கும் நேர் தூரம் எவ்வளவு?

கிங் ஷாகா விமான நிலையத்திலிருந்து மீனம்பாக்கம் வரை, பூமியின் வளைவை ஒட்டி அளந்தால் சுமார் 7,075 கிலோமீட்டர். மைலில் சொன்னால் ஏறக்குறைய 4,400. விமானிகள் பயன்படுத்தும் கடல் மைலில் 3,820. ஒரு கடல் மைல் என்பது 1.852 கிலோமீட்டர். டிக்கெட்டில் சேரும் ‘மைல்’ புள்ளிகளுக்கும் இந்தக் கணக்குக்கும் சம்பந்தம் இல்லை, அது அந்தந்த நிறுவனம் வைத்த சட்டம்.

ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து அளந்தாலும் கிட்டத்தட்ட இதே தூரம்தான்: 7,100 கிலோமீட்டர். “பெரிய ஊருக்குப் போய் ஏறினால் கிட்டம்” என்று சிலர் நினைக்கிறார்கள். உண்மையில் டர்பன்தான் சென்னைக்கு ஒரு பிடி பக்கம்.

அந்த நேர்கோடு எந்தெந்த ஊர்களுக்கு மேலே போகும்?

எனக்குப் பிடித்த கேள்வி இது. உருண்டை வடிவ உலக மாதிரியில் டர்பனிலும் சென்னையிலும் விரல் வைத்து, நடுவே ஒரு நூலை இறுக்கிப் பிடித்துப் பாருங்கள். நூல் வடகிழக்காகக் கிளம்பி, மொசாம்பிக் கால்வாயைத் தாண்டி, மடகாஸ்கரை நடுவில் வெட்டும். அதுவும் அதன் தலைநகர் அன்டனனரீவோவுக்குப் பக்கத்திலேயே. பிறகு திறந்த இந்தியப் பெருங்கடல். மொரீஷியஸுக்குச் சொந்தமான அகலேகா தீவுகள் (இந்தியா ஓடுதளம் கட்டிக் கொடுத்து 2024 பிப்ரவரியில் திறந்தார்களே, அதே தீவுகள்) வலப்பக்கம் கொஞ்ச தூரத்தில் நிற்கும். நிலநடுக்கோட்டைக் கடக்கும் இடத்தில் சுற்றிலும் தண்ணீர்தான். அப்புறம் மாலத்தீவின் வடபகுதி.

இந்தியக் கரையைத் தொடுவது கேரளத்தில், ஆலப்புழைக்குச் சற்றே தெற்கே. அங்கிருந்து மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டினால் நாமக்கல் பக்கம், ஆத்தூர் பக்கம், பிறகு சென்னை. ஆக, சேலம், நாமக்கல் வட்டாரத்தில் வேர் உள்ள குடும்பம் என்றால் அந்தக் கற்பனை விமானம் உங்கள் பூர்வீகத்துக்கு மேலேதான் பறந்து போகும். இறக்கிவிடாது, அவ்வளவுதான்.

இன்னொன்றும் உண்டு. லண்டன்-லாஸ் ஏஞ்சலஸ் போன்ற வழிகளை தட்டை வரைபடத்தில் பார்த்தால் கோடு வில்லாக வடக்கே வளைந்து கிரீன்லாந்து வரை போகும். நம் வழி நிலநடுக்கோட்டைக் குறுக்கே வெட்டுவதால் அந்த வளைவு அநேகமாகத் தெரியாது. சுவரில் மாட்டிய படத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டாலும் பெரிய தப்பு வராது.

நேரடி விமானம் இருக்கிறதா?

டர்பன்-சென்னை நேரடி விமானம் கிடையாது. தென்னாப்பிரிக்காவையும் இந்தியாவையும் இணைத்த நேரடிச் சேவைகளில் நம்மவர்கள் அதிகம் பேசுவது சவுத் ஆஃப்ரிக்கன் ஏர்வேஸின் ஜோஹன்னஸ்பர்க்-மும்பை விமானத்தைத்தான். சுமார் 6,960 கிலோமீட்டர், எட்டரை மணி நேரத்துக்குச் சற்று மேல். 2015-இல் அதை நிறுத்திவிட்டார்கள். அது ஓடிய காலத்தில்கூடச் சென்னைக்காரர்கள் மும்பையில் இறங்கிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்நாட்டு முனையத்துக்கு ஓடத்தான் வேண்டியிருந்தது.

ஏன் இல்லை? அவ்வளவு தூரம் பறக்கும் விமானம் கிடையாதா?

விமானத்துக்கு இது பெரிய தூரமே இல்லை. போயிங் 787, ஏர்பஸ் ஏ350 எல்லாம் 13,000 கிலோமீட்டருக்கு மேல் சாதாரணமாகப் பறக்கக்கூடியவை. நம் வழி அதில் பாதிதான். கடலுக்கு மேல் நீண்ட நேரம் பறப்பதும் தடை இல்லை. இரட்டை எஞ்சின் விமானம் ஏதாவது ஒரு மாற்று நிலையத்திலிருந்து குறிப்பிட்ட நிமிடங்களுக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. அதற்கு மடகாஸ்கர், மொரீஷியஸ், செஷல்ஸ், மாலத்தீவு எல்லாம் வரிசையாக இருக்கின்றன.

தடையாக இருப்பது ஆள் கணக்கு. அகன்ற உடல் விமானம் ஒன்றில் 250-லிருந்து 350 இருக்கை. அதை வாரத்தில் மூன்று நாளாவது நிரப்பினால்தான் ஒரு வழித்தடம் வழித்தடமாக நிற்கும். டிசம்பரில் நிரம்பும், சந்தேகமில்லை. ஆகஸ்டில்? டர்பனில் தமிழ் வம்சாவளியினர் நிறையப் பேர் இருந்தாலும், நான்கைந்து தலைமுறையாக இங்கே இருப்பவர்களுக்கு அங்கே வருடாவருடம் போய்ப் பார்க்க வேண்டிய அப்பா அம்மா கிடையாது. வாழ்நாளில் ஒருமுறை, இருமுறை கோயில் யாத்திரையாகப் போகிறார்கள். வளைகுடாவில் வேலை பார்க்கும் தமிழர்கள் வருடம் தவறாமல் போய் வருகிறவர்கள். அதனால்தான் சென்னை-துபாய் வழியில் அத்தனை விமானங்கள், நமக்கு ஒன்றுகூட இல்லை.

துபாய், தோஹா நிறுவனங்கள் இதே நெளிவைப் பிடித்துக்கொண்டன. டர்பனில் ஏறுகிற முந்நூறு பேரில் முப்பது பேர் சென்னைக்கு, நாற்பது பேர் லண்டனுக்கு, மீதிப் பேர் வேறெங்கோ என்றாலும் அவர்களுக்கு நட்டமில்லை. நடுவில் ஒரு ஊரில் எல்லோரையும் இறக்கிப் பிரித்து ஏற்றுகிறார்கள்.

வரும் வருடங்களில் கவனிக்க வேண்டியது ஏர்பஸ் ஏ321 எக்ஸ்எல்ஆர் என்ற ஒல்லி விமானம். 2024 நவம்பரில் பயணிகள் சேவைக்கு வந்தது. தயாரிப்பாளர் சொல்லும் எட்டும் தூரம் 8,700 கிலோமீட்டர், இருக்கை 200 சுற்றி. டர்பன்-சென்னை இதற்குள் அடங்கும். இந்தியாவின் இண்டிகோ இந்த ரகத்தை ஆர்டர் செய்து வைத்திருக்கிறது. அதனால் நாளைக்கே வரும் என்று நான் சொல்லவில்லை. முன்பு கணக்கே ஒத்துவராது, இப்போது ஒத்துவர வாய்ப்பிருக்கிறது.

நேராகப் பறந்தால் எத்தனை மணி நேரம்?

எட்டரை முதல் ஒன்பது. பெரிய ஜெட் விமானம் மணிக்குச் சுமார் 870, 900 கிலோமீட்டர் வேகத்தில் போகும். 7,075-ஐ 870-ஆல் வகுத்தால் எட்டு மணி எட்டு நிமிடம். ஏற, இறங்க, ஓடுதளத்தில் ஊர்ந்து போக என்று இன்னும் அரை மணி, முக்கால் மணி சேர்த்துக்கொள்ளுங்கள். எந்த ஊருக்கும் இதே கணக்கு செல்லும்: கிலோமீட்டரை 870-ஆல் வகுத்து அரை மணி கூட்டுங்கள், கிட்டத்தட்ட சரியாக வரும்.

அப்படியென்றால் இப்போது ஏன் பதினாறு, இருபது மணி நேரம் என்கிறார்கள்?

இரண்டு காரணம். ஒன்று சுற்று வழி, இன்னொன்று காத்திருப்பு. இதில் சுற்று வழியைத்தான் எல்லோரும் திட்டுகிறார்கள், ஆனால் நேரத்தை அதிகம் தின்பது காத்திருப்பு.

டர்பன்காரர்களுக்கு எளிதான வழி என்றால் துபாய்தான். எமிரேட்ஸ் 2009 அக்டோபரிலிருந்து டர்பனுக்கு வருகிறது. டர்பன்-துபாய் சுமார் 6,625 கிலோமீட்டர், எட்டரை மணி நேரம் சுற்றி. துபாய்-சென்னை 2,930, நான்கு மணி நேரம். மொத்தம் ஏறக்குறைய 9,560 கிலோமீட்டர். நேர்கோட்டைவிட 2,500 கிலோமீட்டர் அதிகம். வானத்தில் இருக்கும் நேரத்தில் இது மூன்றரை, நான்கு மணி நேரம் கூடுதல், அவ்வளவே. மீதி எல்லாம் துபாயில் நடந்தும் உட்கார்ந்தும் கழிப்பது. நல்ல இணைப்பு கிடைத்தால் மொத்தம் பதினாறு மணி நேரத்தில் முடியும். மோசமான இணைப்பு என்றால் இருபத்துநான்கைத் தாண்டும். பறக்கும் தூரம் இரண்டிலும் ஒன்றேதான். அதனால் டிக்கெட் தேடும்போது ‘எந்த நிறுவனம்’ என்பதற்கு முன்னால் ‘நடுவில் எத்தனை மணி நேரம்’ என்பதைப் பாருங்கள்.

மற்ற வழிகள்: ஜோஹன்னஸ்பர்க் போய், அங்கிருந்து அடிஸ் அபாபா வழியாகப் போனால் மொத்தம் 9,080 கிலோமீட்டர் அளவில் வரும். எத்தியோப்பியன் ஏர்லைன்ஸ் 2022-இல் சென்னைச் சேவையைத் தொடங்கியது. தூரத்தில் துபாயைவிடக் குறைவு, ஆனால் டர்பனிலிருந்து பார்த்தால் மூன்று விமானம். சிங்கப்பூர் வழி 12,000 கிலோமீட்டருக்கு மேல். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற கதை. சிங்கப்பூரில் அக்கா வீடு இருந்தால் மட்டும் யோசிக்கலாம்.

மொரீஷியஸ் வழி போகலாமா? வரைபடத்தில் நடுவில்தானே இருக்கிறது?

வரைபடத்தில் பார்த்தால் இதைவிடப் பொருத்தமான வழி இல்லை. டர்பன்-மொரீஷியஸ் 2,855, மொரீஷியஸ்-சென்னை 4,455. கூட்டினால் 7,310 கிலோமீட்டர். நேர்கோட்டைவிட 235 கிலோமீட்டர் மட்டும் அதிகம். துபாய் வழியோடு ஒப்பிட்டால் 2,250 கிலோமீட்டர் மிச்சம்.

சிக்கல் கால அட்டவணையில் இருக்கிறது. ஏர் மொரீஷியஸின் சென்னை விமானம் தினமும் கிடையாது. தென்னாப்பிரிக்கப் பக்கத்தில் பெரும்பாலும் ஜோஹன்னஸ்பர்க்கில் ஏற வேண்டிவரும், அப்போது மொத்தத் தூரம் 8,000 ஆகிவிடும். இரண்டு பக்க நாளும் பொருந்தினால் பறப்பது சுமார் பத்தே கால் மணி நேரம்: ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து நான்கு, பிறகு ஆறே கால். பொருந்தாவிட்டால் மொரீஷியஸில் ஒன்றிரண்டு இரவு தங்க வேண்டும். தென்னாப்பிரிக்கப் பாஸ்போர்ட்டுக்கு அங்கே சுற்றுலா விசா முன்கூட்டி எடுக்க வேண்டியதில்லை. போகிற வழியில் அங்கே சொந்தக்காரர்களைப் பார்க்கிறவர்களுக்கு இதுதான் அழகான வழி. கல்யாணத்துக்கு அவசரமாக ஓடுகிறவர்களுக்கு வேண்டாம்.

கடிகாரக் கணக்கு எப்போதும் குழப்புகிறது. எளிதாக ஒரு வழி சொல்லுங்களேன்.

தென்னாப்பிரிக்காவைவிட இந்தியா மூன்றரை மணி நேரம் முன்னால். துபாய் இரண்டு மணி நேரம் முன்னால். மூன்று நாட்டிலும் கோடைக்காலம் என்று கடிகாரத்தை முன்பின் தள்ளும் பழக்கம் இப்போது இல்லை, அதனால் வருடம் முழுக்க இதே வித்தியாசம்தான். லண்டன் பிள்ளைகளோடு பேசுகிறவர்களுக்கு இந்த நிம்மதி கிடையாது.

ஒரு கணக்குக்கு இப்படி வைத்துக்கொள்வோம். டர்பனில் சனிக்கிழமை மாலை 7 மணிக்குக் கிளம்புகிறீர்கள். எட்டரை மணி நேரம் பறந்தால் துபாய் நேரம் ஞாயிறு காலை 5.30. நான்கு மணி நேரம் காத்திருந்து 9.30-க்கு அடுத்த விமானம். நான்கு மணி நேரத்தில் சென்னை. அங்கே அப்போது பிற்பகல் 3 மணி. மாலை 7-லிருந்து மறுநாள் 3 வரை இருபது மணி நேரம் போலத் தெரிகிறது. மூன்றரையைக் கழியுங்கள், பதினாறரைதான் உண்மையான பயணம்.

திரும்பும்போது நேர்மாறாக ஏமாற்றும். சென்னையில் விடியற்காலை 4 மணிக்குக் கிளம்பி அன்றைக்கே மாலை 5 மணிக்கு டர்பனில் இறங்கினால் “பதிமூன்று மணி நேரத்தில் வந்துவிட்டேன்” என்று தோன்றும். அதே பதினாறரைதான். போகும்போது கழிக்க வேண்டும், வரும்போது கூட்ட வேண்டும்.

இதைவிடப் பெரிய பொறி தேதியில் இருக்கிறது. சென்னையிலிருந்து வளைகுடாவுக்குப் போகும் விமானங்களில் பல நள்ளிரவு தாண்டித்தான் கிளம்பும். டிக்கெட்டில் ‘15-ஆம் தேதி 03.50’ என்று இருந்தால், 14-ஆம் தேதி இரவுச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும் என்று அர்த்தம். 15-ஆம் தேதி இரவு பெட்டி கட்டுகிற குடும்பங்கள் ஒவ்வொரு சீசனிலும் உண்டு. சென்னையில் வண்டி ஏற்பாடு செய்யும் மாமாவிடம் தேதியைச் சொல்லாதீர்கள், “வெள்ளிக்கிழமை ராத்திரி” என்று கிழமையும் பொழுதும் சேர்த்துச் சொல்லுங்கள்.

போகும்போதும் வரும்போதும் பறக்கும் நேரம் ஏன் ஒன்றாக இல்லை?

காற்றுதான் காரணம். பத்து, பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வேகமாக ஓடும் காற்று உண்டு, குளிர்காலத்தில் அதன் வேகம் கூடும். டிசம்பர், ஜனவரியில் துபாயிலிருந்து சென்னைக்கு வரும்போது அது முதுகில் தள்ளும், திரும்பும்போது முகத்தில் அடிக்கும். அதனால் சென்னை-துபாய் கால் மணி, அரை மணி அதிகமாகும். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் தென்னிந்தியாவுக்கு மேலே உயரத்தில் காற்று கிழக்கிலிருந்து மேற்கே திரும்பிவிடும், அப்போது இந்த வித்தியாசம் சுருங்கும்.

டர்பன்-துபாய் பகுதி ஏறக்குறைய தெற்கு-வடக்காக ஓடுவதால் காற்று பக்கவாட்டில்தான் வீசும். அங்கே போக வர நேரம் அதிகம் மாறாது. அந்த வழியில் நேரத்தைக் கூட்டுவது அரசியல். ஏமன் வான்வெளியைப் பல நிறுவனங்கள் தவிர்க்கின்றன. மொசாம்பிக், தான்சானியா, சோமாலியக் கரை ஓரமாக ஏறி வந்து, நேராகப் போகாமல் கொஞ்சம் கிழக்கே ஒதுங்கி ஓமான் பக்கமாக நுழைவார்கள். இருக்கைக்கு முன்னால் உள்ள திரையில் படத்தை ஓடவிட்டால் அந்த வளைவைப் பார்க்கலாம்.

டிக்கெட்டில் போட்ட நேரத்துக்கு அரை மணி முன்னாலேயே இறங்கிவிட்டோம். விமானி வேகமாக ஓட்டினாரா?

இல்லை. டிக்கெட்டில் உள்ளது வானத்தில் இருக்கும் நேரம் அல்ல. வாசலிலிருந்து விமானம் நகர ஆரம்பித்ததிலிருந்து அடுத்த ஊர் வாசலில் நிற்கும் வரைக்குமான நேரம். அதில் கொஞ்சம் உபரியும் சேர்த்தே எழுதுவார்கள், தாமதக் கணக்கில் மாட்டாமல் இருக்க.

ஜோஹன்னஸ்பர்க் போய் ஏறினால் வசதியா?

வழிகள் அதிகம், உண்மைதான். தோஹா, அடிஸ், நைரோபி, மொரீஷியஸ், சிங்கப்பூர் என்று அங்கிருந்து கிளைகள் நிறைய. ஆனால் டர்பனிலிருந்து 480 கிலோமீட்டர், ஒரு மணி பத்து நிமிடப் பயணம், அதுவும் சென்னைப் பக்கம் ஒரு கிலோமீட்டர்கூட நெருங்காமல்.

வரும்போதுதான் உண்மையான தொல்லை. தென்னாப்பிரிக்காவுக்குள் முதலில் கால் வைக்கிற ஊரில் குடிவரவும் சுங்கமும் முடிக்க வேண்டும். பெட்டியில் ‘டர்பன்’ என்று சீட்டு ஒட்டியிருந்தாலும் ஜோஹன்னஸ்பர்க்கில் அதை எடுத்துச் சுங்கம் தாண்டி மறுபடி போட வேண்டும். பதினெட்டு மணி நேரப் பயணத்துக்குப் பிறகு, ஊறுகாய் ஜாடி உடையாமல் இருக்க வேண்டுமே என்ற கவலையோடு, அந்தத் தள்ளுவண்டி வரிசை. டர்பனிலேயே நேராக இறங்கினால் இது ஒரே முறையில் முடிகிறது. வெருலம், டோங்காட் பக்கம் வீடு என்றால் கிங் ஷாகா நிலையம் இருக்கும் லா மெர்சியிலிருந்து அரை மணி நேரத்தில் வீட்டில் இருக்கலாம். சாட்ஸ்வொர்த்காரர்களுக்கு என்-2 நெடுஞ்சாலையில் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். 2010 மே மாதம் கிங் ஷாகா திறக்கும்வரை விமான நிலையம் தெற்கே அவர்கள் பக்கத்தில்தான் இருந்தது. அந்தக் குறை இன்னும் சிலருக்குத் தீரவில்லை.

தொழில்நுட்பமாக ஒன்று: ஜோஹன்னஸ்பர்க்கின் ஓ.ஆர். டாம்போ நிலையம் கடல் மட்டத்திலிருந்து 1,694 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்று மெலிது. வெயில் நாளில் இன்னும் மெலியும். முழு எடையோடு எழும்புவது விமானத்துக்குச் சிரமம் என்பதால் ஏறக்குறைய நான்கரை கிலோமீட்டர் நீளத்துக்கு ஓடுதளம் வைத்திருக்கிறார்கள். நெடுந்தூர விமானங்களுக்குக் குளிர்ந்த மாலையும் இரவும் கைகொடுக்கும். கிங் ஷாகா கடலோரம், நூறு மீட்டர் உயரம்கூட இல்லை. 3,700 மீட்டர் ஓடுதளமே தாராளம்.

நடுவில் எத்தனை மணி நேரம் இருந்தால் நிம்மதி?

ஒரே டிக்கெட்டாக இருந்தால் இரண்டரை முதல் நான்கு. முதல் விமானம் தாமதமானாலும் அடுத்ததில் ஏற்றிவிடுவது நிறுவனத்தின் பொறுப்பு.

மலிவாகக் கிடைக்கிறதே என்று இரண்டு தனித்தனி டிக்கெட் வாங்கினால் அந்தப் பொறுப்பு உங்கள் தலையில். ஆறு மணி நேரத்துக்குக் குறைய வைக்காதீர்கள். பெட்டியை வெளியே எடுத்து மறுபடி போட, அந்த நாட்டுக்குள் நுழையும் விசா தேவைப்படலாம் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். என் கருத்தைக் கேட்டால், பெரியவர்களோடு போகும்போது தனித்தனி டிக்கெட் வேண்டவே வேண்டாம்.

என் ஊர் கோயம்புத்தூர் பக்கம். சென்னைக்குத்தான் போக வேண்டுமா?

வேண்டியதில்லை. தூரத்தில் பார்த்தால் கோவை டர்பனுக்கு 6,680 கிலோமீட்டர், சென்னையைவிட 400 கிலோமீட்டர் பக்கம். திருச்சி 6,790. சென்னையில் இறங்கி ரயிலேறித் திரும்பித் தென்மேற்கே போவது வந்த வழியிலேயே திரும்புவதற்குச் சமம். துபாயிலிருந்து கொச்சிக்கு ஒரே டிக்கெட்டில் போய், நெடும்பாசேரியிலிருந்து பாலக்காடு வழியாகக் காரில் கோவைக்கு நான்கு மணி நேரத்தில் சேரலாம். நாகர்கோவில், கன்னியாகுமரி பக்கம் என்றால் திருவனந்தபுரம். அங்கிருந்து நாகர்கோவில் எழுபது கிலோமீட்டர் சுற்றி. மதுரைக்கும் தஞ்சாவூருக்கும் திருச்சி நிலையம் பொருந்தும், துபாயிலிருந்து விமானம் உண்டு. ஆனால் டர்பன் டிக்கெட்டோடு சேர்ந்து ஒன்றாக வருமா என்று முதலில் பாருங்கள்.

எந்த மாதத்தில் தாமதம் அதிகம்?

தென்னாப்பிரிக்கப் பள்ளி விடுமுறை டிசம்பர் நடுவில் தொடங்குகிறது. மார்கழிக் கச்சேரி, பொங்கல் என்று அங்கேயும் அதே சமயம் கூட்டம். சென்னைக்கு வடகிழக்குப் பருவமழையும் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரைதான். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை விமான நிலையம் நாட்கணக்கில் மூடிக் கிடந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் ஓடுதளத்தில் தண்ணீர் நின்றது. நடுவில் இருக்கும் பாலைவன ஊரை நம்பலாம் என்றால், 2024 ஏப்ரல் 16 மழையில் துபாயே முழுகி விமானங்கள் தாறுமாறாயின.

எதிர்பாராத ஒன்று போகிப் பண்டிகை. விடியற்காலையில் சென்னை முழுக்கப் பழையன கொளுத்துகிற புகையும் பனியும் சேர்ந்து ஓடுதளம் தெரியாமல் போகும். 2018 போகியன்று பல விமானங்கள் வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டன. ஜனவரி 13, 14 விடியலில் சென்னையில் இறங்குகிற மாதிரி டிக்கெட் போடாமல் இருப்பது நல்லது. முகூர்த்தத்துக்குப் போகிறவர்கள் எந்த மாதமானாலும் இரண்டு நாள் முன்பே போய்ச் சேருங்கள்.

ஆயாவை (பாட்டியை) தனியாக அனுப்பலாமா?

அனுப்பலாம், இதைச் செய்துவிட்டு. பயணத்துக்கு 48 மணி நேரத்துக்கு முன்பே சக்கர நாற்காலி உதவி கேட்டு வையுங்கள், அதற்குக் கட்டணம் இல்லை. “நான் நடப்பேன், எனக்கெதற்கு” என்பார்கள். துபாய் முனையத்தில் ஒரு வாசலிலிருந்து இன்னொரு வாசலுக்கு எவ்வளவு நடை, நடுவில் ரயில் வேறு என்பது அவர்களுக்குத் தெரியாது. நாற்காலி தள்ளுகிறவர் வழியும் காட்டுவார், வரிசையும் குறையும்.

அடுத்தது மருந்துப் பை. இங்கே மருந்துக் கடையில் சாதாரணமாக வாங்குகிற கோடீன் கலந்த வலி மாத்திரை ஐக்கிய அரபு அமீரகத்தில் கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. டாக்டர் சீட்டு இல்லாமல் கைப்பையில் வைத்து அனுப்பாதீர்கள். தினசரி மாத்திரைகளை அசல் டப்பாவிலேயே வையுங்கள். எட்டரை மணி நேரம் ஒரே இடத்தில் உட்கார்ந்தால் கால் வீங்கும், நடைபாதை ஓர இருக்கை எடுத்துக் கொடுத்து, இரண்டு மணிக்கு ஒருமுறை எழுந்து நிற்கச் சொல்லுங்கள்.

சாப்பாட்டில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. புரட்டாசி விரதத்தில் போகிறவர்கள் பெயரைப் பார்த்து ‘ஹிந்து மீல்’ என்று குறித்துவிடுகிறார்கள். அதில் மாட்டிறைச்சிதான் இருக்காது, கோழியும் மீனும் வரலாம். சைவம் வேண்டுமென்றால் ‘ஏசியன் வெஜிடேரியன்’ என்று குறிக்க வேண்டும், அதுவும் ஒரு நாள் முன்னதாக.

கப்பல் காலத்தில் இதே தூரத்துக்கு எவ்வளவு நாள்?

1860 அக்டோபரில் மெட்ராஸில் கிளம்பிய ‘ட்ரூரோ’ கப்பல் நவம்பர் 16 அன்று டர்பன் துறைமுகத்தில் 342 பேரோடு வந்து நின்றது. ஒரு மாதத்துக்கு மேல். ஒப்பந்தக் கூலிகளாக வந்த முதல் கூட்டம் அதுதான். பிற்காலத்தில் பம்பாய்க்கும் டர்பனுக்கும் இடையே ‘கரஞ்சா’, ‘கம்பாலா’ என்ற கப்பல்கள் ஓடின. வயதானவர்கள் இன்னும் அந்தப் பெயர்களைச் சொல்வார்கள்.

நிறவெறிக் காலத்தில் தூரத்தைவிடத் தாள் பெரிய தடை. 1946-இல் இந்தியா தென்னாப்பிரிக்காவோடு வணிகத்தை முறித்தது, இந்தியப் பாஸ்போர்ட்டில் ‘தென்னாப்பிரிக்காவுக்குச் செல்லாது’ என்றே அச்சிட்டிருந்த காலமும் உண்டு. 1993 நவம்பரில்தான் இரு நாட்டு உறவு மீண்டும் முறையாகத் தொடங்கியது.

மஞ்சள் காய்ச்சல் ஊசி போட வேண்டுமா?

துபாய், தோஹா, மொரீஷியஸ், சிங்கப்பூர் வழி என்றால் வேண்டாம். தென்னாப்பிரிக்காவும் அந்த நோய்ப் பட்டியலில் இல்லை. அடிஸ் அபாபா, நைரோபி வழி என்றால்தான் கேள்வி. அங்கே விமான நிலையத்தை விட்டு வெளியே போனால் இந்தியாவில் இறங்கும்போது மஞ்சள் அட்டை (ஊசி போட்டதற்கான சான்று) கேட்பார்கள். இல்லையென்றால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தலாம். திரும்பும்போது அந்த ஊர்களில் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்திருந்தால் தென்னாப்பிரிக்காவும் கேட்கும். ஊசி போட்டுப் பத்து நாளுக்குப் பிறகுதான் அட்டை செல்லும், அதன்பின் ஆயுள் முழுக்கச் செல்லும். ஆகவே அந்த வழியில் நீண்ட காத்திருப்போடு மலிவு டிக்கெட் எடுப்பவர்கள் ஊசியை இரண்டு வாரம் முன்பே போட்டுக்கொண்டு, அட்டையைப் பாஸ்போர்ட்டோடு வைத்துக்கொள்ளுங்கள்.